பிர்கோமார்ஃபிடே வெட்டுக்கிளிகள்: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையாகத் தீட்டியதுபோல் அமர்ந்திருக்கும் வெட்டுக்கிளியைப் பார்த்தவர்கள், பிர்கோமார்ஃபிடே குடும்பம் முழுவதுமே இப்படிப் பகட்டாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் வெப்பமண்டலங்களில் வாழும் இக்குடும்பத்தைப் பற்றிய குழப்பம் இந்த நிறத்திலிருந்தே தொடங்குகிறது. இதே குடும்பத்து அட்ராக்டோமார்ஃபா புல்லோடு புல்லாக மறையும் பச்சை நிறத்தது. குரோட்டோகோனஸ் மண்ணின் நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடப்பது.

நிறத்தை விட்டுத் தலையைப் பார்க்க வேண்டும். குடும்பப் பெயரே ‘கோபுர வடிவம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்ததுதான். ஆயினும் கூம்புத் தலையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அக்ரிடே என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த அக்ரிடாவுக்கும் தலை நீண்டு கூம்பியே இருக்கும். உருப்பெருக்கியை வைத்து, கண்களுக்கு முன்னால் தலையின் உச்சி முடியும் இடத்தை நோக்கினால், பிர்கோமார்ஃபிடே இனங்களில் நடுவே ஒரு மெல்லிய பள்ளக்கோடு தெரியும். அக்ரிடாவில் அது இராது. அட்ராக்டோமார்ஃபாவாக இருந்தால், கண்ணுக்குப் பின்னால் மணி கோத்ததுபோல் சிறு புடைப்புகளின் வரிசையும் காணப்படும்.

குட்டையான இறக்கைகளைக் கண்டதும் ‘இது இளம்பூச்சி’ என்று எழுதிவைப்பது அடுத்த தவறு. இக்குடும்பத்துச் சோனோசெரஸ் எலிகன்ஸ் போன்றவற்றில் முதிர்ந்த பின்னும் இறக்கை குட்டையாகவே நின்றுவிடுவதுண்டு. வளர்ந்த இளம்பூச்சியில் பின்னிறக்கை மொட்டு முன்னிறக்கை மொட்டின் மேல் படிந்திருக்கும். முதிர்ந்த பூச்சியில் முன்னிறக்கையே மேலே இருக்கும். நீளத்தை அளப்பதைவிட இந்த அடுக்கைப் பார்ப்பதே நம்பகமானது.

அட்ராக்டோமார்ஃபாவில் பெரியதன் முதுகில் சிறியது ஏறியிருப்பதைத் தாயும் சேயும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் கீழிருப்பது பெண், மேலிருப்பது ஆண். இக்காட்சியை வைத்தே ஜப்பானியர் இதற்கு ‘முதுகில் சுமக்கும் வெட்டுக்கிளி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரும் குழப்பத்துக்குத் துணைபோகிறது என்றே சொல்ல வேண்டும்.

பிர்கோமார்ஃபிடே இளம்பூச்சிகள் செடியில் கூட்டமாக மொய்த்திருந்தால் பாலைவன வெட்டுக்கிளி என்று அஞ்ச வேண்டியதில்லை. பாலைவன வெட்டுக்கிளி அக்ரிடே குடும்பத்தது.

கையாளும்போது நேரும் தவறும் ஒன்றுண்டு. எருக்கு இனச் செடிகளை உண்ணும் பொய்கிலோசெரஸ் (முதலில் சொன்ன பட்டை வெட்டுக்கிளியின் பேரினம்), அவற்றிலுள்ள இதயத்தைத் தாக்கும் நச்சைத் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. அப்பேரினத்தைச் சேர்ந்த பொய்கிலோசெரஸ் புஃபோனியஸின் சுரப்பியில் அந்த நச்சுடன் அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமினும் இருப்பதாக 1967-இல் வெளியான ஆய்வு காட்டியது. முதிர்ந்த பூச்சியில் சுரப்பியின் வாய் இறக்கைக்கு அடியில் இருப்பதால் நீர் கசிந்து வழியும்; இளம்பூச்சியோ முதுகிலிருந்து நேரே பீய்ச்சும். எனவே சிறியதுதானே என்று முகத்தருகே தூக்கிப் பார்க்கலாகாது.