பன்றிக்குட்டிக்குக் கழிச்சலா? ஊசியை எடுக்கும் முன்

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகும் கீழ்க்காற்று வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொட்டகைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு போகும். பன்றி வளர்ப்பவர்களின் புலம்பலும் அப்போதுதான் அதிகம்: "குட்டியெல்லாம் தண்ணியாக் கழியுதுங்க, ரெண்டு ஊசி போட்டும் நிக்கலீங்க." வைரஸ் கழிச்சல் என்றால் பத்து ஊசி போட்டாலும் நிற்காது.

ரோட்டா, டி.ஜி.இ. (தொற்றும் இரைப்பை-குடல் அழற்சி), பி.இ.டி. (பன்றிக் கொள்ளைக் கழிச்சல்) என்று இந்த வைரஸ்களில் சில வகை உண்டு. மூன்றும் செய்வது ஒன்றுதான். சிறுகுடலின் உள்சுவரில் பாலை உறிஞ்சும் நுண்ணிய விரல்களைக் கரைத்துவிடும். செரிக்காத பால் சர்க்கரை உடம்பு நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டு வெளியேறும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவும் சேர்ந்து தாக்கும்போது மருந்து தேவைப்படலாம், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

முதல் தவறு, குட்டியின் வயதைப் பார்க்காமல் மருந்தைத் தேடுவது. பிறந்து மூன்று நாலு நாளுக்குள் கழிந்தால் ஈ.கோலை பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். ஒன்று இரண்டு வாரக் குட்டி பசைபோல் மஞ்சளாகக் கழிந்தால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அதற்கும் வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி கேட்காது. ரோட்டா பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல், பால் மறக்கும் சமயம் வரை தொல்லை தரும். டி.ஜி.இ., பி.இ.டி. வந்தால் கதையே வேறு: இரண்டு மூன்று நாளில் கொட்டில் முழுக்கப் பரவும், தாயும் தீனி எடுக்காது, குட்டி கழிவதோடு வாந்தியும் எடுக்கும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் பிழைப்பது அபூர்வம். பெரிய பன்றிகள் சில நாளில் தேறிவிடும்.

இந்த வாந்தியைப் பலர் பார்ப்பதே இல்லை. தாய் மிதித்துக் கலைத்துவிடும், மிச்சம் விளக்குமாற்றோடு போய்விடும். காலையில் கூட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள், வைக்கோலில் தயிர்க்கட்டி ஒட்டியிருக்கும். லிட்மஸ் தாள் கிடைத்தால் புதுக் கழிச்சலில் தொட்டுப் பார்க்கலாம். நீலத்தாள் சிவந்தால் புளிப்பு, செரிக்காத பால், வைரஸ் பக்கம் சாய்கிறது. சிவப்புத்தாள் நீலமானால் ஈ.கோலை பக்கம். இது ஒரு துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

அடுத்தது பாலை நிறுத்துவது. "வயிறு காயட்டும்" என்று குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வைத்தியம். குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். ஒன்றரைக் கிலோ உடம்பில் எவ்வளவு நீர் இருந்துவிடும்? கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் நேரமில்லை. தாய்ப்பாலோடு ஓ.ஆர்.எஸ். கரைசலையும் ஆழமில்லாத தட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கெட்டியாக்கினால் கெடுதல். மனிதருக்கான கழிச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள்.

குளிரைச் சின்ன விஷயம் என்று விடுவதும் தவறு. பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வரை சூடு வேண்டும், தாய்க்கோ 20 டிகிரி போதும். அதனால் பல்பைத் தாய்க்கு மேலே தொங்கவிடாமல் குட்டிகள் படுக்கும் மூலையில் தொங்கவிடுங்கள், கிழக்குப் பக்கத் தட்டிக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் நம் கால். நோய் வந்த கொட்டிலில் நின்ற அதே செருப்போடு, அதே வாளியோடு பக்கத்து ஈற்றுக்குப் போகிறோம். நல்ல குட்டிகளின் வேலையை முதலில் முடித்து, நோயாளிகளிடம் கடைசியாகப் போக வேண்டும். கழியும் குட்டியை வேறு தாயிடம் பால் குடிக்க விடுவதும் நோயைக் கையில் தூக்கிக் கொடுப்பதுதான். சாணத்தின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் மணம்தான் வரும். சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, காயவைத்து, பிறகுதான் கிருமிநாசினி. டி.ஜி.இ., பி.இ.டி. வைரஸ்கள் சோப்புக்கும் வெயிலுக்கும் அடங்கும். ரோட்டா முரடு, அழுக்கில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

பிறக்கும்போது குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது, சீம்பால் வழியாகத்தான் வரும். முதல் நாளுக்குப் பிறகு குடல் அதை அப்படியே உறிஞ்சாது. தலையீற்றுத் தாயின் சீம்பாலில் அந்தச் சக்தி குறைவு என்பதால் அதன் குட்டிகளைக் கூடுதலாகக் கவனியுங்கள். நோய்க்குட்டியின் கழிச்சலைச் சினைப்பன்றிக்குத் தின்னக் கொடுத்து எதிர்ப்பு வளர்க்கலாம் என்று வீடியோவில் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் செய்தால் வேறு நோயும் சேர்ந்து வரும்.

பெரிய பன்றிகளும் காய்ச்சலோடு படுத்து, காது சிவந்து சாகத் தொடங்கினால் அது குட்டிக் கழிச்சல் விவகாரமே அல்ல. 2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடிப் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியாகி, பண்ணைப் பன்றிகளைக் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. ராத்திரியோடு ராத்திரியாகக் கோபாலபுரம் எல்லையைத் தாண்டி விற்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம், உடனே கால்நடை மருத்துவமனையில் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு நேற்றிரவு செத்த குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போவதும் வீண். குடல் சில மணி நேரத்தில் அழுகிவிடும். அன்று காலைதான் கழிய ஆரம்பித்த, இன்னும் ஊசி போடாத குட்டியை உயிரோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.