வீட்டுப் பெரியவரின் இரத்த அறிக்கைகளை வரிசைப்படுத்திப் படிப்பது எப்படி

அறுபத்தைந்தைத் தாண்டியவர் மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். காட்பாடியில் என் தந்தை விஷயத்தில் நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகளைப் போக்கினேன். அவருடைய பரிசோதனைத் தாள்கள் எல்லாம் பீரோவில் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாகவே இருந்தன. ஒருசேரப் பார்க்கத்தான் ஆளில்லை.

முதலில் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஹீமோகுளோபின், எம்சிவி என்னும் சிவப்பணுவின் சராசரிப் பருமன், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் ஆகிய நான்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என் தந்தைக்கு ஹீமோகுளோபின் 13.4, 12.7, 11.8, 10.9 என்று இறங்க, எம்சிவி 93இலிருந்து 104க்கு ஏறியிருந்தது. தனித்தனியே பார்த்தால் எந்தத் தாளும் பயமுறுத்தவில்லை. வரிசைதான் விஷயத்தைச் சொன்னது.

வரிசை ஏன் பேசுகிறது என்பதை அறிய, எலும்புக்குள் இருந்து இரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையை அறிய வேண்டும். ஆற்காடு கிச்சிலிச் சம்பாவை விதைநெல்லாக எடுத்துவைக்கும் விவசாயிக்கு, அதில் கலந்துவிட்ட ஒரு சில கலப்பு நெல்மணிகளைக் களையாமல் விட்டால், அவை போகத்துக்குப் போகம் பெருகும் என்பது தெரியும். மஜ்ஜையின் விதைநெல், எல்லா இரத்த அணுக்களும் பிறக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்). வயது ஏற ஏற அவற்றில் மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் மாற்றம் நேர்ந்த ஒரு குருத்தணு, மற்றவற்றை முந்திக்கொண்டு தன் வழித்தோன்றல்களைப் பெருக்குகிறது. எழுபதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. இது புற்றுநோய் அன்று. ஆண்டுக்கு 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இது இரத்தப் புற்றுநோயாக மாறுகிறது. மேலும் மாற்றங்கள் சேரும்போது அணுக்கள் முதிராமல் மஜ்ஜைக்குள்ளேயே மடிவதால், மஜ்ஜை நிறைந்திருந்தும் இரத்தத்தில் அணுக்கள் குறையும், அதுவே எம்டிஎஸ் (மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம்) என்னும் மஜ்ஜை நோய். முதிராத பிளாஸ்ட் அணுக்கள் 20 சதவீதத்தை எட்டினால் பொதுவாக அதைக் கடும் மைலாய்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோய் என்பார்கள்.

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்கும் பெண்களுக்கு 12க்கும் கீழே தொடர்ந்து இறங்கினாலோ, எம்சிவி 100ஐத் தாண்டினாலோ, இரண்டு வகை அணுக்கள் சேர்ந்து குறைந்தாலோ காத்திருக்காதீர்கள். ஆனால் உடனே புற்றுநோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். பி12 குறைபாடும் ஏறத்தாழ இதே கோலத்தைக் காட்டும். சர்க்கரைக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அது வரக்கூடும். ஆகவே பி12, ஃபோலேட், இரும்புச்சத்து, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளோடு, கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசிப் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கத்தையும், தோல் தொழிற்சாலையிலோ காலணிப் பசையோடோ வேலை செய்த ஆண்டுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்; புகையிலும் சில கரைப்பான்களிலும் உள்ள பென்சீன் மஜ்ஜையைக் கெடுக்கும்.

வேலூர் சிஎம்சியில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. வெளிமாநிலத்தார் இரண்டு நாள் ரயிலேறி வரும் ஊரில் இருந்துகொண்டு நாம் தாமதிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மஜ்ஜைப் பரிசோதனை என்றதும் முதுகுத்தண்டில் ஊசி என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். அது இடுப்பெலும்பின் பின்புறத்தில், மரக்க ஊசி போட்டுச் செய்வது என்று முன்பே சொல்லிவிடுங்கள்; உறிஞ்சும் சில நொடிகள் வலிக்கும் என்பதையும் மறைக்க வேண்டாம். கணுக்காலுக்கு மேலே குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகளோ, ஈறில் நிற்காத இரத்தமோ, குளிருடன் காய்ச்சலோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், மஞ்சள் பையோடு.