பிபிபிடியும் 10.11.12.13 என்ற போலி டிஎன்எஸ்ஸும்

கல்லடியில் என் கடையில் ஒரு டெபியன் லினக்ஸ் கணினி, பழைய 3ஜி டொங்கிள். மோடம் வழியாக இணைப்பை ஏற்படுத்தும் நிரலான பிபிபிடி (pppd) டயல் பண்ணும், ஐபி முகவரி வரும், 8.8.8.8 பிங்குக்குப் பதிலும் வரும். ஆனால் எந்தத் தளமும் திறக்காது. சில வேளை எல்லாம் ஒழுங்காக ஓடும். அதுதான் ஆளை அலைக்கழித்தது.

சிம்மை மாற்றினேன், ஏபிஎன்னை (மொபைல் நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்) திரும்ப அடித்தேன், டொங்கிளை வாவிப் பக்க யன்னலில் வைத்தேன். சுருக்கத்தை நிறுத்தும் நோவிஜே (novj), நோசிசிபி (noccp) தெரிவுகளைப் போட்டும் அதே கதை. டிஎன்எஸ்ஸை, அதாவது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையகத்தின் முகவரியை, கையால் எழுதினால் வேலை செய்யும்; அடுத்த டயலில் அழிந்துவிடும்.

அப்புறம் விவரமான பதிவுக்கு டிபக் (debug) தெரிவைப் போட்டு லொக்கை வரிவரியாக வாசித்தேன். பழுதான நேரமெல்லாம் டிஎன்எஸ் 10.11.12.13, 10.11.12.14. இவை வலையமைப்பு தந்தவை அல்ல. உண்மையான முகவரி கிடைக்கும்வரை டொங்கிளில் உள்ள மோடமே நிரப்பி அனுப்பும் போலி எண்கள். அதுவரை அது வெறுமையான ஐபிசிபி (ஐபி முகவரிகளைப் பேசி முடிவுசெய்யும் நெறிமுறை) கோரிக்கையையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பிபிபிடி 10 முறை 'நாக்' (வேறு மதிப்புக் கொடு) சொல்லிவிட்டு 'ரிஜெக்ட்'டுக்கு (நிராகரிப்பு) மாறுகிறது. உடனே பேச்சுவார்த்தை முடிந்து, போலி எண்ணோடு இணைப்பு எழுந்துவிடுகிறது.

பிபிபிடியின் இணைப்பு அமைப்புகள் உள்ள பியர்ஸ் (peers) கோப்பில் சேர்த்தது ஒரே வரி: ஐபிசிபி-மேக்ஸ்-ஃபெயிலியர் 30 (ipcp-max-failure 30). அந்த 10 முறை 'நாக்' என்பதை இது 30 ஆக்குகிறது. நடுவே இரண்டு ஹைபன், கவனம். இணைப்பு எழச் சற்றுக் கூட நேரம் எடுக்கிறது, ஆனால் சரியான டிஎன்எஸ்ஸோடு எழுகிறது. பெரிய நிம்மதி. மறுமுனை தரும் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் யூஸ்பியர்டிஎன்எஸ் (usepeerdns) வரியை எடுக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.