சீனப் பேச்சுமொழியில் 'ரொம்ப' என்று சொல்வது எப்படி?

மாண்டரின் சீனம் கற்கத் தொடங்குவோர் முதலில் அறிந்துகொள்ளும் அளவுச்சொல் 'ஹென்'. ஆனால் அன்றாடப் பேச்சில் 'திங்', 'தாய்', 'ஹாவ்', 'ச்சாவ்' ஆகியவையும் அடிக்கடி காதில் விழும். தமிழில் 'ரொம்ப' என்பதைச் சேர்ப்பதுபோல் இவற்றைப் பெயரடைக்கு முன்னால் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது; இவற்றுள் சில, வாக்கியத்தின் இறுதியில் ஒரு துணைச்சொல்லையும் வேண்டி நிற்பவை.

முதல் படியாக அடிப்படை வாக்கியத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். 'தா ஹென் காவ்' என்றால் 'அவர் உயரமானவர்' என்பது பொருள். 'ஹென்' இல்லாமல் 'தா காவ்' என்று மட்டும் சொன்னால், வேறொருவரோடு ஒப்பிடுவதாகத் தோன்றும். இவ்விடத்தில் 'ஹென்' வாக்கியத்தை இணைப்பதற்கே பெரும்பாலும் பயன்படுவதால், அழுத்திச் சொல்லாதவரை அதில் 'மிக' என்ற பொருள் மங்கியே இருக்கிறது. உணர்வை வெளிப்படுத்தப் பேச்சுமொழி வேறு சொற்களை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவதாக, 'திங்' சொல்லைப் பழகுங்கள். 'திங் லங் த' என்றால் 'நன்றாகவே குளிர்கிறது'. இறுதியில் வரும் 'த' பேச்சுக்கு இயல்பையும் மென்மையையும் தருகிறது. மிகைப்படுத்தாமல் கருத்துச் சொல்ல உதவுவதால், தொடக்கநிலையினர் முதலில் கைக்கொள்ள வேண்டியது இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது, 'தாய்…ல' என்னும் சட்டகம். கடையில் விலையைக் கேட்டு 'தாய் குவெய் ல' என்றால் 'விலை மிகவும் அதிகம்' என்ற குறை. 'தாய் ஹாவ் ல' என்றாலோ 'மிக அருமை' என்ற பாராட்டு. எதிர்மறையில் 'பு தாய் குவெய்', அதாவது 'அவ்வளவு விலையில்லை' என்று சொல்லும்போது அந்த 'ல' விலகிவிடும்.

'ஹாவ் லங்', 'ச்சாவ் லங்' ஆகியவற்றுக்கு இறுதித் துணை தேவையில்லை. இவற்றுள் 'ச்சாவ்' இளைஞர் பேச்சுக்கு உரியது. ஹார்பின் முதலான வடகிழக்குப் பகுதிகளில் 'ட்ஸெய் லங்' என்பதையும் கேட்கலாம். அதைப் புரிந்துகொண்டால் போதும், உடனே பயன்படுத்த வேண்டியதில்லை.

அடுத்து, ஒலிப்பைக் கவனியுங்கள். 'ஹென்', 'திங்', 'ஹாவ்', 'லங்' ஆகிய நான்குமே மூன்றாம் தொனியில் (தொனி என்பது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) அமைந்தவை. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும் என்பதால், 'ஹாவ் லங்' என்பதில் 'ஹாவ்' மேல்நோக்கி எழ வேண்டும். தமிழ் எழுத்து தொனியைக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு தொடரையும் ஒலிப்பதிவோடு சேர்த்தே பழகுங்கள்.

இறுதியாக ஒரு தடை: 'விட' என்று பொருள்தரும் 'பி' கொண்டு ஒப்பிடும் வாக்கியத்தில் பெயரடைக்கு முன் இச்சொற்கள் வரமாட்டா. 'தா பி வோ ஹென் காவ்' என்பது பிழை. 'அவர் என்னைவிட மிகவும் உயரம்' என்பதற்கு 'தா பி வோ காவ் துவோ ல' என்றே சொல்ல வேண்டும்.