தேன்மெழுகுத் தாளில் சுருட்டும் மெழுகுதிரி: பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் முறை

இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் தேதி சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) கொண்டுபோகும் மெழுகுதிரியைப் பிள்ளைகளே செய்யலாம். தாளாக வரும் தேன்மெழுகை உருக்க வேண்டியதில்லை, சுருட்டினாலே திரி ஆகிவிடும். நெருப்பும் கத்தியும் பெரியவர் கையில் இருந்தால் நான்கு வயதுப் பிள்ளைக்குக்கூட இதில் வேலை இருக்கிறது. முதல் திரிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தாள்

தேனீப் பெட்டிச் சட்டங்களில் பொருத்தும் அறுகோண அச்சுள்ள மெழுகுத் தாள்தான் இதற்கும் வேண்டியது. வழக்கமான அளவு ஏறத்தாழ 40 × 20 சென்ரிமீற்றர். தேன்மெழுகு என்று சொல்லி, பெற்றோலியத்தில் இருந்து எடுக்கும் பரஃபின் மெழுகுத் தாளும் விற்கிறார்கள். ஒரு மூலையைக் கிள்ளி விரல்களுக்கிடையில் பிசைந்து பாருங்கள். தேன்மெழுகு மாவுபோல் திரண்டு தேன் மணக்கும். பரஃபின் வழுக்கும், மணம் இராது. விலை கூடினாலும் தேன்மெழுகையே வாங்கச் சொல்வேன், பிள்ளையின் விரலுக்கு அதுதான் இணங்கி வளையும்.

திரி

மெழுகுதிரியின் நடுவில் வைக்கும் நூலில்தான் பலர் தவறுகிறார்கள். சுவாமி அறையில் இருக்கும் விளக்குத் திரியை எடுத்து வைத்துச் சுருட்டினால் வேலைக்கு ஆகாது. அது எண்ணெயில் படுத்துக் கிடந்து எரியச் செய்த தளர்ந்த பஞ்சு. மெழுகுக்குள் நிமிர்ந்து நிற்காமல் நுனியில் கரிக்கட்டி பிடித்துப் புகைக்கும்.

வேண்டியது பின்னிய பருத்தி நூல். பின்னல் எரிய எரிய நுனி ஒரு பக்கமாக வளைந்து சுவாலையின் ஓரத்துக்கு வரும், அங்கே முழுதாகச் சாம்பலாகிவிடும். வெறுமனே முறுக்கிய நூல் அப்படி வளையாது. ஆகவே பருத்தி நூலை மூன்று புரியாக எடுத்துச் சடை பின்னுவதுபோல் இறுக்கிப் பின்னுங்கள். தலை பின்னத் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடலாம். பின்னி முடிய 2 மில்லிமீற்றர் தடிப்பு இருக்க வேண்டும். நூல் பருத்திதானா என்ற சந்தேகம் வந்தால் சிறு துண்டைப் பெரியவர் கொளுத்திப் பார்க்கட்டும். பருத்தி சாம்பலாகும், நைலோன் உருகி மணிபோல் திரளும்.

நேரம்

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகை செல்சியஸில். ஆனால் 35 பாகை அளவிலேயே நன்றாக வளையும். அதனால் குளிர்நாட்டு விளக்கங்களில் சொல்லும் ‘ஹெயார் டிரையர்’ யாழ்ப்பாணத்தில் தேவையே இல்லை. எங்கள் சிக்கல் வேறு. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் தாள் துவண்டு, பிள்ளையின் கைச்சூட்டிலேயே அறுகோண அச்சு நசிந்துபோகும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன் செய்யுங்கள். மார்கழி, தை மாதக் காலையில் இதற்கு நேர்மாறாக, வளைக்கும்போதே தாள் வெடிக்கும். அப்போது விறாந்தை நிழலில் பத்து நிமிடம் விரித்து வைத்தால் போதும். வெயிலில் நேராக வைக்காதீர்கள், மூலைகள் தட்டோடு ஒட்டிவிடும்.

வெட்டுதல்

40 × 20 தாளை 20 × 10 அளவில் நான்கு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 10 சென்ரிமீற்றர் உயரமான மெழுகுதிரியாகும், சின்னக் கைக்குப் பொருத்தமான அளவு. கத்தரிக்கோல் விளிம்பை நசித்துவிடும். அடிமட்டம் வைத்துக் கூரான கத்தியை அழுத்தாமல் ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். அடியில் பத்திரிகைத் தாள் போட்டால் மை மெழுகில் ஏறும். பழைய கலண்டர் மட்டையின் வழுவழுப்பான பக்கம்தான் எனக்குப் பிடித்தது.

முதல் சுற்று

திரி நன்றாக எரிவதும் பாதியில் அணைவதும் இந்த முதல் சுற்றிலேயே முடிவாகிறது. அவசரப்படாதீர்கள்.

12 சென்ரிமீற்றர் நூலைத் துண்டின் 10 சென்ரிமீற்றர் விளிம்பில் வையுங்கள். அடிப்பக்கம் விளிம்போடு சரியாக நிற்க, மேலே 2 சென்ரிமீற்றர் நீளட்டும். நூலை இழுத்து நேராக்கி மெழுகில் மெல்லப் பதியுங்கள். விளிம்பை 3 மில்லிமீற்றர் அளவுக்கு நூலின் மேல் மடித்து, கொழுக்கட்டையின் ஓரத்தை அழுத்துவதுபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல்நுனியால் அழுத்திக்கொண்டு போங்கள். இரண்டாம் முறையும் அப்படியே. நூல் மெழுகுக்குள் முற்றாக மறைய வேண்டும். அங்கே இடைவெளி விட்டால் உருகிய மெழுகு நூலுக்கு வந்து சேராமல் உள்ளே வழிந்துவிடும், சுவாலை சுருங்கி அணையும்.

ஒரு சுற்று முடிந்ததும் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூலைச் சுற்றி இருண்ட வளையம் தெரிந்தால் அது காற்று. இப்போது பிரித்துத் திரும்பச் செய்யலாம். மூன்று சுற்றுக்குப் பிறகு பிரித்தால் தாள் கிழியும்.

மீதிச் சுற்று

இனிப் பிள்ளையின் வேலை. பாய் சுருட்டத் தெரிந்த பிள்ளைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை: தொடக்கத்தில் ஒரு நூலளவு கோணினால் முடிவில் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கைவிரல்களையும் அகல விரித்து, தாளின் முழு அகலமும் ஒன்றாக உருளும்படி தள்ள வேண்டும். பிள்ளைகள் பெருவிரலால் நடுவில் மட்டும் அழுத்துவார்கள், இரண்டு முனையும் தளர்ந்து விரியும். “விரல்நுனியால தள்ளு, நசிக்காத” என்று ஒருமுறை செய்து காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசி விளிம்பை விரல் சூட்டால் தடவி ஒட்டுங்கள். பசை வேண்டாம். அடியை மேசையில் மெல்லத் தட்டி மட்டப்படுத்துங்கள். வெளியே நீளும் நூலை 6 மில்லிமீற்றருக்கு வெட்டி, வெட்டிய துண்டுகளில் இருந்து பயறளவு மெழுகு கிள்ளி நூல் நுனியில் பிசைந்து பூசுங்கள். இதை விட்டால் முதல் கொளுத்தலில் வெறும் பஞ்சு எரிந்து தீர்ந்துவிடும்.

கொளுத்தும்போது

மண் சிட்டியில் கொஞ்சம் மணல் போட்டு அதில் நிறுத்துங்கள். சிரட்டையும் பிளாஸ்ரிக் மூடியும் எரியும், அவற்றில் வைக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் ஒரு பக்கமே உருகி வழியும். சுற்றுகளுக்கிடையில் காற்று இருப்பதால் அச்சில் வார்த்த திரியைவிட இது கெதியாக எரியும். சேமக்காலைக்குக் கொண்டுபோவதென்றால் கண்ணாடிப் போத்தலுக்குள் வைக்கும்படி அளவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது

செய்து வைத்த திரியில் வெள்ளையாகப் படிந்ததைப் பூஞ்சணம் என்று எறிய வேண்டாம். நல்ல தேன்மெழுகில் நாள்போக்கில் அப்படி ஒரு மாப்படிவம் தோன்றும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும்.

நிறத்துக்கு மஞ்சளோ குங்குமமோ தூவலாமா என்று கேட்கிறார்கள். தூவ வேண்டாம். அந்தத் தூள் மெழுகில் கரையாது, நூலில் போய் அடைத்துச் சுவாலையைக் கொல்லும். கிறேயோனும் அப்படித்தான். நிறம் வேண்டுமென்றால் வேறு நிறத் தாளில் நட்சத்திரமோ இலையோ வெட்டி, உள்ளங்கையில் சற்றுச் சூடாக்கி, திரியின் வெளிப்பக்கத்தில் அழுத்தி ஒட்டுங்கள். அடிப்பாதியில் ஒட்டினால் திரி எரிந்து வரும்போது கனநேரம் அழியாமல் இருக்கும்.