ஃபால்ஸ் தைக்கும் நேரத்தில் ஒரு நாடகம்

புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம். கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் பாடமாக இருந்தது. பாடம் என்றால் நோட்ஸ்தான். 'கதவு தட்டும் சத்தத்தின் முக்கியத்துவம் என்ன?' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி தவறாமல் வரும். மனப்பாடம் செய்து எழுதி நாலரை வாங்கினேன். அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூட யாரும் எங்களுக்குக் கேட்கக் கொடுத்ததில்லை.

பதினாறு வருஷம் கழித்து, ஒரு ராத்திரி பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு, காதில் இயர்போனோடு அதே மேக்பெத்தைக் கேட்டேன். மேக்பெத் ராஜாவைக் குத்திவிட்டு வருகிறான். கணவனும் மனைவியும் அடிக்குரலில் பேசிக்கொள்கிறார்கள், பாதிப் பேச்சு மூச்சாகவே வருகிறது. திடீரென்று தட், தட், தட். நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டு "யாரது?" என்று குரல் கொடுத்துவிட்டேன். உள்ளே படுத்திருந்த என் மாமியார் எழுந்து வந்து விளக்கைப் போட்டார். வாசலில் யாரும் இல்லை. நாலரை மதிப்பெண் பதிலில் இந்தத் திடுக்கிடல் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து ஆங்கில நாடகங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எதை வாங்குகிறோம் என்று பாருங்கள். ஒரே ஆள் முழு நாடகத்தையும் வாசிப்பது ஒரு வகை, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர் பேசுவது இன்னொரு வகை. பெயர்ப் பட்டியலில் ஒரே பெயர் இருந்தால் அது வாசிப்பு, நமக்கு வேண்டாம். ஷேக்ஸ்பியருக்கு 'ஆர்க்ஏஞ்சல்' என்ற வரிசை இருக்கிறது. 38 நாடகங்களும் வெட்டாமல், தேர்ந்த நடிகர்களை வைத்துப் பதிவு செய்தது. காசு போடாமல் கேட்க வேண்டும் என்றால் 'லிப்ரிவாக்ஸ்' என்ற இணையதளம். 2005இல் தொடங்கியது, எல்லாரும் தன்னார்வலர்கள். அதில் 'டிராமாட்டிக் ரீடிங்' என்று போட்டிருப்பதை எடுங்கள், அதுதான் பாத்திரத்துக்கு ஒருவர் பேசுவது. ஆனால் ஒன்று, ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் இருந்து தன் வசனத்தை மட்டும் பேசி அனுப்ப, யாரோ ஒருவர் ஒட்டுப்போட்டிருப்பார். அண்ணன் அமெரிக்கர் மாதிரிப் பேசுவான், தம்பி குளியலறைக்குள் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். பழகினால் சிரித்துக்கொண்டே கேட்கலாம், முதல் நாடகமாக மட்டும் வேண்டாம். நகைச்சுவை நாடகம் என்றால் 'எல்.ஏ. தியேட்டர் ஒர்க்ஸ்' பதிவுகளைத் தேடுங்கள். பார்வையாளர்களை உட்காரவைத்துப் பதிவு செய்வதால் எங்கே சிரிக்க வேண்டும் என்று அவர்களே காட்டிக்கொடுப்பார்கள். வானொலிக்காகச் செய்த பதிவுகளில் பல சுருக்கப்பட்டவை. கேட்க நன்றாக இருக்கும், புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பக்கம் பக்கமாகக் காணாமல் போயிருப்பது தெரியும்.

சரி, எதில் ஆரம்பிப்பது? ஷேக்ஸ்பியரில் வேண்டாம். ஆஸ்கர் வைல்டின் 'த இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் ஏர்னெஸ்ட்'. 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் அரங்கேறியது. மூன்றே அங்கம். கவிதை இல்லை, உரைநடை, நமக்குப் புரிகிற ஆங்கிலம். ஜாக், அல்ஜர்னன் என்று இரண்டு இளைஞர்கள், இரண்டு பேரும் தன் பெயர் ஏர்னெஸ்ட் என்று பொய் சொல்லிக் காதலிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

இதில் இரண்டாம் அங்கத்து டீ காட்சிக்காகவே இயர்போன் வாங்கலாம். அவர்களின் காதலிகள் செசிலியும் க்வெண்டலினும் ஒரே ஏர்னெஸ்டுக்குத்தான் இருவரும் நிச்சயமாகியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேலைக்காரர் பக்கத்தில் நிற்பதால் வாய்விட்டுச் சண்டை போட முடியாது. சர்க்கரை வேண்டுமா என்று செசிலி தேனொழுகக் கேட்கிறாள். வேண்டாம், இப்போதெல்லாம் அது நாகரிகம் இல்லை என்கிறாள் மற்றவள். அடுத்த வசனம் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டிங். டிங். டிங். டிங். நான்கு சர்க்கரைக் கட்டி. வைல்ட் அதை வசனத்தில் எழுதவில்லை, மேடைக் குறிப்பில்தான் எழுதியிருக்கிறார். நல்ல பதிவில் அந்தச் சத்தம் இருக்கும். தவறவிட்டாலும் மோசமில்லை, க்வெண்டலின் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொதிக்கும்போது அவளோடு சேர்ந்து நமக்கும் தெரியவரும். நான் முதல் தடவை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டேன், வாடிக்கையாளர் கூப்பிட்டால் தெரிய வேண்டுமே என்று. செசிலி மற்றக் காதுப் பக்கம் இருந்திருக்கிறாள். ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஸ்டீரியோ பதிவுகளில் ஆட்களை இடம், வலம் என்று நிறுத்தியிருப்பார்கள். ஆகவே இரண்டு காதிலும் மாட்டுங்கள், கடைக் கதவைச் சாத்திவிட்டு.

எந்த வேலை செய்துகொண்டு கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிஷின் ஓட்டும்போது முடியாது, ஓவர்லாக் என்றால் கேட்கவே வேண்டாம். துணி வெட்டும்போது கூடவே கூடாது. ஒரு பட்டு பிளவுஸுக்கு இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டு, புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். கை வேலை மட்டும்தான் சரிப்படும்: ஹெம்மிங், கொக்கி, சேலைக்கு ஃபால்ஸ். ஒரு ஃபால்ஸ் கையால் தைக்க எனக்கு முக்கால் மணி நேரம். வைல்டின் ஓர் அங்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று சேலைக்கு ஒரு நாடகம். உங்களுக்குத் தையல் இல்லையென்றால் கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது எதுவும் சரி.

யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் குழம்புவதுதான் பெரிய தொல்லை. புத்தகத்தில் பெயர் போட்டிருக்கும், காதுக்கு யார் போட்டுக் கொடுப்பது? நான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன்: 'ஜாக் – கவலைக் குரல். அல்ஜர்னன் – எப்போதும் எதையோ மென்றுகொண்டிருப்பான்.' முதல் பத்து நிமிஷத்தை இரண்டு தடவை கேளுங்கள், கதை பிடிக்க அல்ல, குரல் பிடிக்க. குரல் பிடிபட்டால் கதை தானாக வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அகராதி பார்த்தால் நாடகம் செத்துவிடும்.

புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைல்டும் பெர்னார்ட் ஷாவும் 'புராஜெக்ட் குட்டன்பர்க்' என்ற இணையதளத்தில் இலவசம். ஷேக்ஸ்பியருக்கு 'ஃபோல்ஜர்' நூலகத்தின் தளத்தில் காட்சி வாரியாகச் சுருக்கமும் உண்டு. ஆனால் கேட்கும்போது கண்ணால் தொடராதீர்கள். கண் முன்னே ஓடிப்போய் சிரிப்பைக் களவாடிவிடும். ஒரு காட்சி கேளுங்கள், அப்புறம் படியுங்கள், அப்புறம் அதே காட்சியைத் திரும்பக் கேளுங்கள். வேகத்தை ஒன்றேகாலாக ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சர்க்கரைக் கட்டி விழுகிற இடைவெளியைத்தான் நீங்கள் நசுக்குகிறீர்கள்.

இரண்டாவதாக ஷாவின் 'பிக்மேலியன்'. பூ விற்கிற எலைசாவுக்குச் சீமாட்டி மாதிரிப் பேசக் கற்றுக்கொடுக்கிறார் ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ். கதையே காதைப் பற்றியது. எலைசாவின் லண்டன் சேரிப் பேச்சை ஷா முதலில் ஒலிப்படியே எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார். சில வரிகளிலேயே, லண்டனுக்கு வெளியே யாருக்கும் புரியாது என்று மன்னிப்புக் கேட்டுக் கைவிட்டுவிடுகிறார். படிக்கும்போது அந்த வரிகளில் நான் முட்டி நின்றேன், கேட்கும்போது வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் அங்கத்தில், உச்சரிப்பு மட்டும் மாறி உள்ளே பழைய எலைசாவே இருப்பாள். சுத்தமான உச்சரிப்பில், தன் அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று விருந்தாளிகளிடம் சொல்வாள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தாலும் சிரிப்பு வரும்.

காதுக்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. ஷெரிடனின் 'த ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்' 1777இல் வந்தது. ஒரு தட்டிக்குப் பின்னால் மனைவி ஒளிந்திருக்க, முன்னால் கணவன் நிற்பான். தட்டி சாய்கிற நொடியில் அரங்கமே அதிர்ந்துபோகும். காதில் ஒரு 'தொப்', அவ்வளவுதான். அந்த ஒரு காட்சியை மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டுக் கேளுங்கள். நேர்மாறாக ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்'. இரட்டையர்களாகப் பிறந்த அண்ணன் தங்கை இருவரும் அச்சு அசல் ஒரே மாதிரி என்று மேடையில் நம்ப வைப்பது கஷ்டம், காதுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பிபிசி முதன்முதலில் முழுதாக ஒலிபரப்பிய ஷேக்ஸ்பியர் நாடகம் அதுதான், 1923 மே 28.

மூன்றாவதாக மேக்பெத். கதையைத் தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு, ராத்திரியில் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஹாம்லெட் வெட்டாத பதிவு நாலு மணி நேரத்துக்குப் பக்கம் வரும். எனக்கு அது ஐந்து சேலைக் கணக்கு. ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வந்து குவியட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.