கோடிங் பள்ளி நுழைவுச் சோதனை: கொப்பியும் பென்சிலும் எடுங்கள்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கும் தம்பி தங்கச்சிமார் பலர், கணினிச் செய்நிரல் எழுதக் கற்றுத்தரும் கோடிங் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். கல்முனையில் இருந்து கேட்டாலும் ஏறாவூரில் இருந்து கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, சோதனைக்கு என்ன படிக்க?"

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து நான் எழுதிய முதல் சோதனையில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. பைத்தன் என்ற செய்நிரல் மொழியின் கட்டளைகள் எல்லாம் பாடம். ஆனால் கேள்வியைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டாம் முறை நான் தயாரான வழியைத்தான் கீழே தருகிறேன்.

படி 1: ஒரு மொழி போதும்

பள்ளி ஒரு மொழியைக் குறிப்பிட்டிருந்தால் அதையே படியுங்கள். தெரிவு உங்களிடம் விடப்பட்டிருந்தால் பைத்தன் நல்லது. ஏ.எல்லில் ஐ.சி.டி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) எடுத்தவர்களுக்கு அது ஏற்கெனவே அறிமுகம். லப்டொப் இல்லையா? அன்ட்ரொயிட் போனில், பைத்தன் எழுதி ஓட்டிப் பார்க்கும் பைட்ரொயிட் 3 என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே ஓடும்.

மாறி (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்), இஃப் (நிபந்தனை), லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), லிஸ்ட் (பட்டியல்), ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்), ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுதி). தொடக்கநிலைச் சோதனைக்கு இந்த ஆறும் கையில் நன்றாகப் படிந்திருந்தால் போதும். மற்றதெல்லாம் உள்ளே போன பிறகு படிக்கலாம்.

படி 2: முதலில் கொப்பியில் ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஒரு கேள்வி எடுப்போம். வாவியில் பிடித்த நான்கு மீன்களின் எடை கிலோவில் 4, 9, 2, 7. பெரியது எது?

பார்த்த உடனே 9 என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் கணினி ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும். அதனால் நீங்களும் மற்ற எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'பெரியது' என்று ஒரு மாறி வைத்து, அதில் முதல் எண் 4 ஐப் போடுங்கள். அடுத்தது 9. அது 4 ஐ விடப் பெரிது, எனவே மாறியில் இப்போது 9. பிறகு 2, மாற்றமில்லை. பிறகு 7, அப்போதும் மாற்றமில்லை. விடை 9. இதை அட்டவணையாகக் கோடு போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மாறியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

பலர் அந்த மாறியில் முதலில் 0 போட்டுவிடுவார்கள். மீன் எடைக்கு அது சரிவரும். அதே செய்நிரலுக்கு -3, -8, -1 கொடுத்துப் பாருங்கள். விடை -1 வர வேண்டும், ஆனால் 0 வரும். லிஸ்டில் இல்லாத எண்ணே விடையாகிவிட்டது! சோதனையில் நம் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருக்கும் உள்ளீடுகள் இப்படித்தான் பிடிக்கும். அதனால் எந்தக் கேள்விக்கும் நீங்களாகவே மூன்று உள்ளீடு போட்டுப் பாருங்கள்: வழமையான ஒன்று, ஒரேயொரு எண் மட்டும் உள்ளது, எதிர்மறை எண்கள் உள்ளது.

கொப்பியில் சரிவந்த பிறகுதான் போனைத் தொடுங்கள்.

படி 3: வழுக்கும் இடங்கள்

பைத்தனில், நாம் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை தருவது எண் அல்ல, எழுத்துத்தொடர். 5, 7 என்று வாங்கிக் கூட்டினால் 12 வராது, 57 வரும். இன்ட் கட்டளை போட்டு எண்ணாக மாற்றுங்கள்.

எண்களை வரிசையாகத் தரும் ரேன்ஜில் 1, 5 என்று கொடுத்தால் 4 உடன் நின்றுவிடும்.

3 ஆல் வகுபட்டால் ஒரு சொல், 5 ஆல் வகுபட்டால் இன்னொரு சொல், இரண்டாலும் வகுபட்டால் இரண்டு சொல்லும் என்ற கேள்வியை எங்கும் காணலாம். இரண்டாலும் வகுபடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். கடைசியில் வைத்தால் 15 வரும்போது 3 இன் நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

படி 4: கேள்வியின் ஆங்கிலம்

தமிழ் மொழிமூலத்தில் படித்த நமக்குப் பல வேளை கணக்கு அல்ல, கேள்வியின் சொல்தான் தடை. 'அட் லீஸ்ட் 5' என்றால் 5 உம் சேரும். 'மோர் தான் 5' என்றால் 5 சேராது. 'ரிட்டர்ன்' (ஃபங்ஷன் விடையைத் திருப்பிக் கொடுப்பது) செய்யச் சொன்ன இடத்தில் 'பிரின்ட்' (திரையில் காட்டுவது) செய்தால், திரையில் சரியான விடை தெரிந்தாலும் புள்ளி கிடைக்காது. நான் அதில்தான் ஒரு முழுக் கேள்வியை இழந்தேன். இப்படிப்பட்ட சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வாருங்கள். கேள்வியை ஒருமுறை தமிழில் உங்கள் சொல்லில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 5: மணிக்கூடு வைத்துப் பழகுங்கள்

கடைசி இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள், ஹேக்கர்ரேங்க் போன்ற கோடிங் பயிற்சித் தளத்தில் மூன்று இலகுவான கேள்விகளை ஒரு மணித்தியாலத்தில் செய்யுங்கள். ஒரு கேள்வியில் 20 நிமிடம் போய்விட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பயிற்சி முடிந்த அன்றிரவே, விட்ட கேள்வியை நேரம் பார்க்காமல் செய்து முடியுங்கள்.

சோதனை ஒன்லைனில் என்றால் முதல் நாளே போனில் டேட்டா போட்டு, லப்டொப்பை அதனுடன் இணைத்துப் பாருங்கள். வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் மாமா வீடோ சிநேகிதர் வீடோ, நன்றாக வரும் இடத்தை அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியையும் பென்சிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.